ஆய்வின் அருமை தெரியாதவர்களா நாங்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குழந்தைகள் மனநலக் கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். "சமூக அமைப்புகளுக்கு ஆய்வின் அருமை தெரிவதில்லை, தகவல் கேட்டால் தயங்குகின்றன" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அப்படி ஓர் அமைப்பில் பதினாறு வருஷமாகக் குழந்தைகளோடு வேலை செய்கிறேன். தயங்குகிறோம் என்பது உண்மை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிள்ளைகளின் மனநலத்தை அறிய, மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கேள்விப் படிவத்தை நீங்கள் அறிவீர்கள். அதில் 11-ஆவது, ஒரு நல்ல நண்பராவது உண்டா என்பது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அங்கே பென்சிலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். "போன வாரம் வரைக்கும் இருந்தான் அக்கா. இப்ப எதுல டிக் போடுறது?" படிவம் கேட்பதோ கடந்த ஆறு மாதத்தை. அதை நிரப்பி வாங்க எங்கள் மையத்துக்கு வந்த ஆய்வாளருக்கு மாலைக்குள் இன்னும் முப்பது படிவம் வேண்டும். அவர் கிளம்பிய பிறகு அந்தப் பையனோடு உட்கார்ந்திருந்தது நாங்கள்தான். முடிவு என்ன என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை.

இன்னொரு குழு, குலுக்கல் முறையில் பாதிப் பிள்ளைகளுக்கு உடனே சிகிச்சை, மீதிப் பேர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றது. ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைதான், சரி. ஆனால் "என் பிள்ளை பேரு ஏன் வரல?" என்று அழுத தாய்க்குப் பதில் சொன்னது எங்கள் வரவேற்பாளர். அவருடைய அந்த நேரத்துக்கு ஆய்வு நிதியில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

எங்களிடம் வரும்போதே நிதி கிடைத்திருக்கும், கேள்விகள் அச்சாகியிருக்கும், எங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி. அதைக் கூட்டாய்வு என்று எப்படி ஏற்பது? ஒரே ஒரு குழு மட்டும் கேள்விகளை எழுதுவதற்கு முன்பே வந்தது. பிள்ளைகள் பாதியில் வராமல் நின்றுபோவது ஏன் என்ற எங்கள் கேள்வியையே ஆய்வாக எடுத்துக்கொண்டது. அவர்கள் கேட்ட எதையும் நாங்கள் மறுத்ததில்லை.

பங்கேற்றவர்களுக்கு ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பு தரவேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சின்கி பிரகடனத்தின் 2013 திருத்தமே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி இப்படிப்பட்ட ஆய்வு முடிவுகளை வெளியிடும்போது, தகவல் திரட்டித் தந்த அமைப்பின் பெயரையும், அதன் சம்மதத்தோடு, ஒரு வரியில் சேருங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஆலோசனை மையப் பணியாளர் ஒருவர்