பெரிய வீட்டுத் திருப்பணி நிறைவு: பங்காளிகளுக்குக் குழுவின் அறிக்கை

பங்காளிகளுக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டில் நம் பெரிய வீட்டு வேலை பெரும்பாலும் முடிந்தது. முகப்பும் பட்டாலையும் (முன் கூடம்) இனி ஊர் நூலகம். வளவும் (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு) சாமி அறையும் எப்போதும்போல, முன்னோருக்கு நாம் வைக்கும் படைப்புக்கும் விசேஷங்களுக்கும். வரவு செலவு தணிக்கையாளர் கையெழுத்தோடு தனியே வருகிறது. புதிதாகக் கட்டியது கொஞ்சம்தான். நடுவில் வந்தவர்கள் வைத்துப் பூசியதைப் பிரித்தெடுத்ததே பெரும் வேலை.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள், இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள் என்று கேட்கிறார்கள். நகரத்தாராகிய நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தக் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அப்புறம் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. வரும்படி போனபின் வீட்டைப் பராமரிக்க யாரிடம் என்ன இருந்தது? நம் வீடு முதலில் நெல் கிடங்கு, பிறகு பள்ளிக்கூடம்.

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில், இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவரை. வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு தெரியவேண்டும். காற்றும் அந்த வழியாகத்தான் ஓடும். வகுப்பறைத் தடுப்புகளை எடுத்தபின் மின்விசிறி போடாமலே பட்டாலையில் உட்கார முடிகிறது. முற்றத்தின் மேல் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் இறக்கிவிட்டோம். சுற்றுத் தாழ்வாரத்து ஓடுகள் உள்பக்கம் சரிந்திருப்பது மழைத்தண்ணீர் முற்றத்தில் விழத்தான். அது போகும் கல் சாக்கடையில் சிமெண்டுக் கட்டியும் சாக்பீஸ் துண்டும் அடைத்துக் கிடந்தன.

சுவர்தான் பாடாய்ப்படுத்தியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பொரிந்து விழும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பல கை பூசினோம். கடைசிக் கைக்கு அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்க அதில் முகம் தெரிகிறது. இந்தக் கை தெரிந்த கொத்தனார்கள் இன்று சிலரே. அவர்கள் சொன்ன கூலியைக் குழு பேரம் பேசவில்லை. அதற்காக எங்களைக் கோபிக்க வேண்டாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள், சூளையில் வைப்பதில்லை. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. தயவுசெய்து ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

உளுத்த தூண்களுக்குப் பதில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பர்மாத் தேக்கு வாங்கினோம். இடித்த ஏதோ ஒரு வீட்டின் தூண் அது. வாங்கும்போது மனசு சங்கடப்பட்டது. ஆனால் அந்தத் தரத்தில் புது மரம் எங்கே கிடைக்கிறது?

இரண்டாம் கட்டுச் சுவரில் பள்ளிக்கூடத்தார் பூசிய கரும்பலகையைப் பெயர்க்கவேண்டும் என்று பலர் சொன்னார்கள். அடியில் இருந்தது பழைய முட்டைப் பூச்சு. பெயர்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் எழுதப் படித்தது அந்தப் பலகையில்தான். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பாக்கி இருப்பது மேல்தளத்து மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை) ஒழுக்கும், பின்கட்டுக் கதவும். ஒழுக்கை மழைக்கு முன் அடைத்தாக வேண்டும். வளவைச் சுற்றிய அறைகள் புள்ளிவாரியாக (மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பங்கு என்பதால் அதற்கு ஒவ்வொரு புள்ளியின் எழுத்துச் சம்மதமும் தேவை. கையெழுத்து அனுப்பாதவர்கள் சீக்கிரம் அனுப்புங்கள். சாவி, எப்போதும்போல, எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது.

திருப்பணிக் குழு