செல்போனை வாங்கி வைத்துவிட்டு, கையில் எதைக் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைச் சரியாகவே எடுத்துப் போட்டிருந்தீர்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓடியாட மட்டும் மூன்று மணி நேரமாவது வேண்டும். எல்லாம் சரி. ஆனால் போனை வாங்கி வைத்த அடுத்த நிமிடம் அந்தப் பிள்ளை தரையில் உருண்டு அழுமே, அப்போது அதன் கையில் எதைக் கொடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இரண்டரை வயதில் ஒரு மகள். திருநகரில் மாடி வீடு, தோட்டம் கிடையாது. இந்த வயதுப் பிள்ளைக்கு இயற்கையைக் காட்டுவதென்றால் எங்காவது கூட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் விற்கும் விளையாட்டுப் பெட்டியை வாங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் துணியில் வெட்டிய இலையும், பிளாஸ்டிக் பூச்சியும், பனிமனிதன் படமும் இருக்கின்றன. மதுரைப் பிள்ளைக்குப் பனிமனிதன் எதற்கு? நம் அடுப்படியிலும் மொட்டை மாடியிலும் வாசலிலும் கிடப்பதே போதும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

முருங்கைக் கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொத்தைக் கையில் கொடுத்து உருவச் சொன்னால், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளி வைப்பாள். பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகிற விரல்களுக்கு அதுதான் பயிற்சி. சாயங்காலம் வாங்கும் மல்லிகை மொட்டில் கொஞ்சம் எடுத்து ஈரத் தட்டில் பரப்பி வைத்தால், இருட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாக விரியும், வீடு முழுக்க மணக்கும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அந்த மொட்டு விரிவதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்தது முளைப்பாரி, அதாவது சட்டியில் பயறை முளைக்கவிட்டு அம்மனுக்கு எடுத்துப் போவது. நம் பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழா முளைப்பாரி இல்லாமல் நடக்காது, அதையே வீட்டில் சின்னதாகச் செய்யலாம். கொட்டாங்குச்சியில் கண் இருக்கிற பாதியை எடுத்து, அந்தக் கண்ணைக் கம்பியால் குத்தி ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் தேங்காது. மண்ணை அள்ளிப் போடுவது பிள்ளையின் வேலை, பாதி வெளியேதான் விழும், விழட்டும். ராத்திரி ஊறப்போட்ட பாசிப்பயறைக் காலையில் அவள் கையாலேயே தூவவிட்டு, ஒரு கொட்டாங்குச்சியை ஜன்னல் ஓரத்திலும் இன்னொன்றை அலமாரிக்குள் இருட்டிலும் வையுங்கள். கோயிலுக்குப் போடும்போதும் வெளிச்சம் படாத அறையில் வைத்துத்தானே வளர்க்கிறார்கள். சில நாளில் ஜன்னலில் இருப்பது குட்டையாக, பச்சையாக நிற்கும். இருட்டில் இருப்பது வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று நீண்டு, வெளிர்மஞ்சளாகத் துவண்டு கிடக்கும். பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும் என்றெல்லாம் இரண்டு வயதுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அந்த மஞ்சள் முளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு அதில் பச்சை ஏறியதைப் பார்த்துவிட்டு என் மகள் போய் அவள் அப்பத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "அப்பத்தா, பாரு, பச்ச!" என்று காட்டினாள். எந்த அட்டையில் போட்டிருக்கும் பச்சை நிறத்தையும் அவள் அப்படிக் காட்டியதில்லை.

அப்புறம் சிவப்புச் செம்பருத்தி. இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் ஊதாவாகக் கறை பிடிக்கும், அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சை கலந்ததுபோல மாறும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆறவைத்த நீலத் தண்ணீரிலும் எலுமிச்சை விட்டுப் பார்க்கலாம். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம், ஆடிக் காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி, சித்திரையில் நுங்கு வண்டி. வாசல் கோலத்தில் அரிசி மாவை எடுக்க வரும் பிள்ளையார் எறும்பின் பின்னாலேயே போனால் அரை மணி நேரம் ஓடிவிடும். அரிட்டாபட்டி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், பிள்ளை வளர்ந்ததும் கட்டாயம் கூட்டிப் போக வேண்டிய இடம். ஆனால் மலை உச்சியில் பறக்கும் ராஜாளியை அண்ணாந்து பார்க்க இரண்டு வயதுக்குப் பொறுமை இருக்காது, மதில்மேல் ஓடுகிற அணில்தான் அதன் அளவுக்குச் சரி.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர் நடந்த காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்து, செடி கொடிகளையும் சின்ன உயிர்களையும் வைத்துக் குழந்தைகளோடு வேலை செய்தார். அன்றைக்குக் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கு அந்த அம்மையாரின் பெயரைப் போர்டில் எழுதிவைத்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிற இடங்களில்கூட, பிள்ளை மண்ணைத் தொட்டால் உடனே கையைத் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வயதில் எல்லாமே வாய்க்குள் போகும். புளியங்கொட்டை, மொச்சை, நிலக்கடலை போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, ஊறிய பயறானாலும் தூவி முடித்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் இந்த விளையாட்டே வேண்டாம். கையில் கொடுப்பதானால் மாங்கொட்டை, பனங்கொட்டை, கொட்டாங்குச்சி மாதிரிப் பெரியதாகப் பார்த்துக் கொடுங்கள். குண்டுமணி பார்க்க அழகு, ஆனால் கடும் விஷம், வீட்டிலேயே வைக்கக் கூடாது. அரளியும் அப்படித்தான், மஞ்சள் அரளிக் காயைத் தொடவே விடாதீர்கள். எருக்கம் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், கால் வாளித் தண்ணீரில்கூடப் பிள்ளை மூழ்கிவிடும். ஓட்டை போடாத கொட்டாங்குச்சியில் மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு வரும், அதையும் கவிழ்க்க வேண்டும். மதுரை வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஐந்துக்குப் பிறகும்தான் மாடிக்குப் போக முடியும், மற்ற நேரத்துக்கு அடுப்படி.

உங்களிடம் என் கோரிக்கை இதுதான். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். அந்த மாதத்தில் நம் ஊரில் எது பூக்கிறது, எது காய்க்கிறது, எந்தப் பறவை வருகிறது, அதை வைத்து ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளையோடு என்ன செய்யலாம் என்று நாலு வரி வந்தால் போதும், படம்கூட வேண்டாம். எழுதுவதற்குப் பெரிய நிபுணர்களைத் தேடிப் போக வேண்டாம். பிள்ளைகளோடு பொழுதெல்லாம் இருக்கும் அங்கன்வாடி அக்காக்களையும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தாக்களையும் அம்மாச்சிகளையும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாததா. அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுங்கள், கீழ்த்தளம் முழுக்க சிமென்ட் கல் பதிக்காமல் ஒரு கட்டில் அளவுக்காவது மண்ணை விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஆடி பிறக்கப் போகிறது, முதல் வாரம் முளைப்பாரியில் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் அந்தப் பருவத்தில் எது விஷம், எதை வாயில் போட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதையும் மறக்காமல் அதே கட்டத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திருநகர், மதுரை