பாய்மரப் படகில் குடியேறிய தம்பதியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல வேலையை விட்டுவிட்டுப் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்ட தம்பதியரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்த பலர், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அவர்களைப் 'பிழைக்கத் தெரியாதவர்கள்' என்று பேசுவது வருத்தம் தருகிறது. தாமிரபரணிக் கரையில் கொற்கைத் துறைமுகம் செழித்திருந்த மண் இது. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றதை நேரில் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

படகு வாழ்க்கை ஓய்வு அன்று. குடிநீரை அளந்து செலவிட வேண்டும். உப்புக்காற்றில் துருவேறும் இரும்பையும் வெயிலில் நைந்துபோகும் பாய்த்துணியையும் ஓயாமல் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் காற்று திசை மாறினால், நங்கூரம் பிடி நழுவி இழுபடுகிறதா என்று ஒருவர் எழுந்து பார்க்க, மற்றவர் கயிற்றோடு தயாராக நிற்க வேண்டும். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் புறப்பட்ட கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பியபோது மனமாரப் பாராட்டினோம். அதே துணிவு ஒரு குடும்பத்தில் தென்பட்டால் முகம் சுளிப்பது எந்த வகையில் நியாயம்?

எனக்குள்ள கவலை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள்மீது நங்கூரம் விழுந்தால் அவை நொறுங்கிவிடும். ஆகவே, இத்தகைய படகுகள் கட்டி நிற்கத் தூத்துக்குடியில் தனி இடம் ஒதுக்கவும், தோணியைத் தலைமையேற்றுச் செலுத்தும் அனுபவமிக்க தண்டல்களைக் கொண்டு இளைஞர்களுக்குப் பாய்மரப் பயிற்சி அளிக்கவும் அரசு முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.