நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு காணிக்கை

கர்த்தருக்குள் பிரியமான சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் மகளிர் மிஷனரி சங்கக் கமிட்டியின் அன்பின் வாழ்த்துகள்.

மிஷன் பணித்தளங்களிலிருந்து நர்சிங் படிக்க வரும் பெண்பிள்ளைகளுக்காக நம் சபைகள் சேர்ந்து நடத்தும் படிப்பு உதவி நிதிக்கு உங்கள் ஆதரவைக் கேட்டு இதை எழுதுகிறோம். பெரிய தொகை தர முடிந்தவர்கள் தாராளமாகத் தாருங்கள். ஆனால் எங்களுக்கு அதைவிட அவசியம், சிறியதானாலும் மாதாமாதம் தவறாமல் வரும் காணிக்கை.

காரணம் இதுதான். ஒரு பிள்ளையைச் சேர்க்கும் சமயத்தில் உதவ ஆட்கள் கிடைத்துவிடுகிறார்கள். சேர்த்தாயிற்று என்ற சந்தோஷத்தில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு இரண்டாம் வருட ஃபீஸ் வருகிறது, ஹாஸ்டல் பாக்கி வருகிறது, பரீட்சைக் கட்டணம் வருகிறது. அப்போது வீட்டுக்கும் சொல்ல முடியாமல், எங்களிடமும் கேட்கத் தயங்கி அந்தப் பிள்ளை தனியாகத் தவிக்கிறாள். பாதியில் நின்ற படிப்புக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

ஃபீஸ் மட்டும் கட்டிவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வார்டுக்குப் போக யூனிஃபார்ம் இரண்டு செட்டாவது வேண்டும், ஷூ வேண்டும். அப்புறம் ஒரு கைக்கடிகாரம், அதுவும் விநாடி முள் உள்ளதாக. நோயாளியின் நாடியைப் பிடித்து எண்ணும்போது கண் அந்த முள்ளின் மேல்தான் இருக்கும். இது இல்லாமல் வார்டில் பக்கத்தில் நிற்பவளிடம் ஒவ்வொரு தடவையும் கடன் கேட்கும் பிள்ளையின் மனது என்ன பாடுபடும்! ஆகவே இந்தச் சில்லறைத் தேவைகளையும் நிதியிலேயே சேர்த்திருக்கிறோம்.

பெண்கள் சேர்ந்து சிறுகச் சிறுகக் கொடுத்து நடத்தும் ஊழியம் நமக்குப் புதிதல்ல. 1869 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் எட்டுப் பேர் கூடி ஒரு வெளிநாட்டு மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வாரம் இரண்டு சென்ட், கூடவே ஒரு ஜெபம்: உறுப்பினர்களிடம் அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஆசிரியையான இசபெல்லா தோபர்னை மிஷனரியாக இந்தியாவுக்கு அனுப்பப் பணம் போதாது என்ற பேச்சு வந்தபோது, விலையுயர்ந்த உடுப்பை விட்டுவிட்டு சாதாரண பருத்தி உடையில் தெருவில் நடப்போமே தவிர அவரை அனுப்பாமல் விடமாட்டோம் என்று ஒரு சகோதரி எழுந்து சொன்னார். அந்த வருடமே தோபர்னும் டாக்டர் கிளாரா ஸ்வெய்னும் கப்பலேறினார்கள்.

1870-இல் லக்னோவில் ஆறு பெண்பிள்ளைகளோடு தோபர்ன் தொடங்கிய பள்ளி பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் ஸ்வெய்ன் வட இந்தியாவிலுள்ள பரேலி நகருக்கு வந்த அதே வருடம், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பெண்களுக்கு மருத்துவ வகுப்பும் எடுத்தார். அவருடைய மருத்துவமனைக்கு நிலம் தந்தவர் ராம்பூர் நவாப், ஒரு முஸ்லிம். எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வகுப்புதான். தான் ஒருத்தி வைத்தியம் பார்த்தால் போதாது, இந்த மண்ணின் பெண்களே பார்க்க வேண்டும் என்று முதல் வருடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் நிதியும் அந்த வழியில் வந்ததுதான்.

பணத்தைக் கையாளும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். ஃபீஸும் ஹாஸ்டல் கட்டணமும் நேராகக் கல்லூரிக்கே போகும். காசோலையில் இருவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காசும் எடுக்க முடியாது. வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு கூடுகையிலும் வாசிக்கிறோம், யாரும் வாங்கிப் பார்க்கலாம். பிள்ளை எந்த மதம் என்று பார்த்து உதவுவதில்லை, தேவையும் படிக்கும் ஆர்வமும்தான் கணக்கு. அவர்களுடைய போட்டோவையோ குடும்பக் கஷ்டத்தையோ காட்டிக் காணிக்கை கேட்கவும் மாட்டோம். நாளைக்கு நர்ஸாக நிமிர்ந்து நிற்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

மாதம் எவ்வளவு தர முடியும் என்பதைக் குடும்பமாக ஜெபித்து முடிவு செய்யுங்கள். பிறகு உங்கள் சபையின் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து, காணிக்கைக் கவரை வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் கஷ்டம் வந்து நிறுத்த வேண்டியிருந்தால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே பெயர்கள் வந்துவிட்டால், இந்த வருடம் எத்தனை பிள்ளைகளுக்குக் கடைசிவரை வாக்குக் கொடுக்கலாம் என்பதை எங்களால் தீர்மானிக்க முடியும்.

கிறிஸ்துவின் பணியில்,
கமிட்டி சகோதரிகள்