பூங்கா வாசலில் சாறு விற்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விடியற்காலை ஐந்தரைக்கே எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக அடுக்கிவிடுகிறீர்கள். மெரினா, கோவை ரேஸ்கோர்ஸ், எங்கள் ஊர்ப் பூங்கா வாசல், எங்கே போனாலும் அதே காட்சிதான்: அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், பீட்ரூட், மாதுளை. கூடவே அந்தப் பலகை. ‘பீட்ரூட்: பிபி குறையும். மாதுளை: பிபி குறையும். நெல்லி: பிபி, சுகர், கொழுப்பு எல்லாம் குறையும்.’

நான் எட்டு வருட பிபிக்காரன். போன வருடம் அந்தப் பலகையை நம்பி மாத்திரையை நிறுத்தினேன். தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு. மூன்றாவது வாரம் தலைவலி தாங்காமல் போய்ப் பார்த்தால் 176/104. நர்ஸம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது. தப்பு என்னுடையதுதான். மாத்திரையை நிறுத்து என்று நீங்கள் யாரும் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் பலகை சொல்லவில்லை.

பலகையில் இருப்பது முழுப் பொய்யாக இருந்தால் இந்த மடலே தேவையில்லை. பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய இருக்கிறது. நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. (கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளித்துவிட்டு வந்து குடிப்பவருக்கு இந்தப் பலன் பெருமளவு போய்விடும். பாக்டீரியா செத்துவிடுகிறதே!) லண்டனில் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிபி உள்ளவர்கள் தினமும் 250 மில்லி வீதம் நான்கு வாரம் குடித்தார்கள். மேல் அளவு சுமார் 8 புள்ளி இறங்கியது. நைட்ரேட்டை நீக்கிய சாற்றைக் குடித்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. சாற்றை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் பிபி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. 8 புள்ளி சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் 176இல் 8 போனால் 168. மாதுளைக்கு இன்னும் குறைவு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் சுமார் 5 புள்ளி.

சரி, இதைவிட என்னை உறுத்துவது உப்பு டப்பா. ‘பிபி குறையும்’ என்ற பலகைக்கு நேர் கீழே, நான் வாய் திறப்பதற்குள் நெல்லிச்சாற்றில் ஒரு சிட்டிகை, எலுமிச்சையில் தாராளமாகக் கால் ஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். அதில் கால்வாசியை இட்லி சாம்பாருக்கு முன்பே உங்கள் டம்ளரில் முடித்துவிடுகிறேன். சர்க்கரைப் பாகு கதையும் இதேதான். சக்கையை வடிகட்டிவிட்ட பழச்சாற்றின் இயல்பான இனிப்பையே அதே நிறுவனம் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. அதற்கு மேல் பாகு எதற்கு?

பக்கத்தில் இளநீர் விற்பவருக்கும் ஒரு வார்த்தை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்லதுதான். ஆனால் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிபி மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைப்பவை. கூடவே சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் வேறு வகை வம்பு. ஃபெலோடிபைன் போன்ற சில மாத்திரைகளைக் குடலிலேயே உடைக்கும் நொதியை அவை தடுத்துவிடும். வழக்கமான ஒரு மாத்திரையே அதிக டோஸ் மாதிரி வேலை செய்து பிபியை மளமளவென்று இறக்கிவிடும். கனடாவில் ஒரு மருந்து ஆய்வில் சாராயத்தின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தபோதுதான் இது தற்செயலாகத் தெரியவந்தது.

கடையை மூடச் சொல்லவில்லை. காலையில் உங்கள் முன்னால் நின்று நாலு பேரோடு பேசிக் குடிக்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்கும் வேண்டும். உப்பு, சர்க்கரை கேட்டால் மட்டும் போடுங்கள். பலகையில் ‘பிபி குறையும்’ என்பதை அழித்துவிட்டு, ‘மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக் குடியுங்கள்’ என்று எழுதுங்கள். எங்கள் பூங்கா வாசல் பலகைக்கு பெயிண்ட் செலவு என்னுடையது.

நாளை ஆறு மணிக்கு வருவேன். ஒரு நெல்லிச்சாறு, உப்பில்லாமல்.

இப்படிக்கு,
மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்ட உங்கள் வாடிக்கையாளர்