அலாரம் பொருத்துபவருக்கும் தேர்வு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கடைகளுக்கு ஃபயர் அலாரம் பொருத்துவது என் தொழில், 11 வருடமாக. இப்போது மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குப் படிக்கிறேன். எர்த்திங், கேபிள் அளவு எல்லாம் தெளிவாகப் புரிகிறது. ஆனால் நான் தினமும் கைவைக்கும் 24 வோல்ட் அலாரம் பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றி என்னிடம் உள்ள வழிகாட்டியில் ஒரு பக்கம்கூட இல்லை.

போன மாதம் ரவுண்டானா பக்கம் ஒரு துணிக்கடையில் பேனலைத் திறந்தேன். வெளியே, எல்லாம் சரி என்று பச்சை விளக்கு. உள்ளே, வரிசையின் கடைசி டிடெக்டரில் (தீயை உணரும் கருவி) இருக்க வேண்டிய ரெசிஸ்டரை (மின்தடை) பேனலிலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் கம்பி அறுந்தால் பேனல் காட்டிக்கொடுப்பதே அந்த ரெசிஸ்டரால்தான். அது பேனலிலேயே இருந்ததால், மாடிக் கம்பியை எலி கடித்தும் பேனல் காட்டிக்கொடுக்கவில்லை; எத்தனை நாளோ! தீபாவளி நேரத்தில் அந்த மாடியில் கைக்குழந்தையோடு நிற்பவர்களை நினைத்தால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அலாரம் ஒப்பந்தக்காரருக்கென்றே தனி உரிமத் தேர்வு உண்டு. இங்கே தீ கண்டறியும் அமைப்புக்கு ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதி. கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் ராத்திரியில் வாசித்துச் சொல்கிறாள். அதைத் தமிழில் எளிமையாகத் தர வேண்டும். அப்புறம், மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.யில் ஞாயிறுதோறும் செய்முறை வகுப்பு நடத்தி, தேர்வும் வைக்கட்டும். முதல் ஆளாக நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அலாரம் மெக்கானிக் ஒருவர்,
காவேரிப்பட்டணம்.