ரேஷன் கடை இல்லாத ஊரிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரேஷன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அரிசி கொடுப்பதில் கடத்தல், எடைக்குறைவு, எலி, புழு எல்லாம் இருக்கிறதாம். அதனால் கடையை மூடிவிட்டு அந்தக் காசைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். சாட்சிக்குத் தென்னாப்பிரிக்காவை வேறு கூப்பிட்டிருக்கிறார். நான் பிறந்தது மதுரைப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பன். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அதனால் சாட்சிக் கூண்டில் நானே ஏறிவிடுகிறேன்.

எடைக்குறைவை நான் மறுக்கவில்லை. எங்கள் அம்மா ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கி, நாலு தண்ணீர் கழுவி, அப்புறமும் மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் உலையில் போடுவார். மழைக்காலத்தில் அந்த வாடை வீடு முழுக்க நிற்கும். ஆனால் வெளிக்கடையில் அரிசி விலை ஏறியதா இறங்கியதா என்று அம்மா கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இங்கே ரேஷன் கடை கிடையாது. அரசு தருவது பெரும்பாலும் பணம்தான். முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள், வேலையில்லாதவர்கள் என்று சுமார் 2.8 கோடிப் பேருக்கு மாதாமாதம் போகிறது. நாட்டின் மக்கள்தொகையே 6 கோடிக்குச் சற்று மேல்தான். இதைக் குறைத்துச் சொன்னால் என் வீட்டிலேயே சண்டை வரும். 1928-இல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தபோது இந்தியர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் அதில் இடமில்லை. 1944-இல் சேர்த்தார்கள், அதுவும் வெள்ளையர்களைவிடக் குறைந்த தொகைக்கு. எல்லாருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-இல்தான். எங்கள் தெருவில் ஒரு ஆயாவின் பென்ஷனில் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் சாப்பிடுகிற வீடுகள் உண்டு. பணம் நல்லதுதான். பணம் மட்டும் போதுமா என்பதுதான் என் கேள்வி.

குழந்தைக்கான உதவித்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 560 ரேண்ட் (ரேண்ட் என்பது இந்நாட்டு நாணயம்) ஆனது. ஓர் ஆள் உயிரோடு இருக்கத் தேவையான சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 796 ரேண்ட் வேண்டும் என்று அதற்கு முந்தைய வருஷமே இந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை கணக்குப் போட்டிருந்தது. பிள்ளையின் பேரில் வருகிற பணம் பிள்ளையின் சாப்பாட்டுக்கே காணாது. சோப்பு, பஸ், பள்ளிக்கூட ஷூ எல்லாம் அதற்கு மேல். இந்தத் தொகை 1998-இலிருந்து கொடுக்கப்படுகிறது. அப்படியும் 2016-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. தொகை பட்ஜெட்டில் பார்த்து ஏற்றினால்தான் ஏறும்.

மாதத்தின் முதல் வாரம் இங்கே சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். போன மாதம் எனக்கு முன்னால் நின்ற ஆயா அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய், நாலு டின் மீன், பிரவுன் பிரெட், ஒரு கோழி பாக்கெட், சோப்பு, தேயிலை எல்லாம் வைத்தார். கல்லாப் பெண் ஒவ்வொன்றாக ஓட்ட ஓட்ட, ஆயாவின் கண் சாமான் மேல் இல்லை, திரையில் ஓடிய எண் மேல்தான். ஒரு கட்டத்தில் "போதும்மா, அந்தக் கோழியை எடுத்துடு" என்றார். ஒரு சாமானை பில்லிலிருந்து நீக்க மேற்பார்வையாளர் சாவியோடு வர வேண்டும். அந்தப் பெண் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அவர் வந்தார், கோழி போனது. மறுபடி கூட்டல். மறுபடி கூப்பாடு. சோப்பு போனது. மூன்றாவது தடவை தேயிலை. வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரிசி, பருப்பு, டின் மீன், பிரவுன் பிரெட் இதற்கெல்லாம் வாட் வரி கிடையாது, நல்ல ஏற்பாடு; கோழிக்கு 15 சதவீதம் உண்டு. அதனால் முதலில் வெளியேறுவது எப்போதும் கோழிதான்.

இதற்கிடையில் வட்டிக்காரன். ஜூலு மொழியில் மஷோனிசா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். உதவித்தொகை வருகிற கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வான். பணம் விழுந்த அன்றே அவனே எடுத்து, வட்டி போக மிச்சத்தைக் கையில் கொடுப்பான். நம் ஊரிலும் ரேஷன் கார்டை அடகு வைப்பவர்கள் உண்டு, தெரியும். ஆனால் பானையில் வெந்துகொண்டிருக்கும் சோற்றை எந்த வட்டிக்காரனும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வேலையில்லாதவர்களுக்கான தொகையின் கதை இன்னும் வேடிக்கை. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், 350 ரேண்ட் என்று ஆரம்பித்தார்கள். நாலு வருஷம் அதே 350. 2024 ஏப்ரலில் 20 ரேண்ட் கூட்டி 370 ஆக்கினார்கள். வங்கிக் கணக்கில் ஒரு மாதத்தில் 624 ரேண்டுக்கு மேல் வரவு இருந்தால் அந்த மாதம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்பாவின் கருமாதிச் செலவுக்கென்று அவன் அக்கா 1,000 ரேண்ட் போட்டாள். அந்த மாதம் அவன் 'வருமானம் உள்ளவன்' ஆகிவிட்டான்.

பணத்துக்கு வெளியே இங்கே ஒரு நல்ல காரியம் நடக்கிறது. பள்ளிச் சாப்பாடு. மண்டேலா ஆட்சிக்கு வந்த 1994-ஆம் வருஷமே தொடங்கினார். இன்று 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அதிலும் ஓர் ஓட்டை. பள்ளிகளைச் சுற்றுவட்டாரத்தின் வசதியைப் பார்த்து ஐந்து படியாகப் பிரித்து, கீழ் மூன்று படிக்குத்தான் முக்கியமாகச் சாப்பாடு. எங்களுடையது மாதிரி பழைய இந்தியர் குடியிருப்புகளில் பல பள்ளிகள் மேல் படியில் கிடக்கின்றன. கட்டிடம் செங்கல், அதனால் பிள்ளைக்குப் பசிக்காது என்று கணக்கு.

கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும், புரட்டாசியில் சோறு போடும்போதும் வகுப்பு நிரம்பி வழியும். மற்ற மாதங்களில் பாதிதான். நான் பக்தி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு பையனின் பையிலிருந்து 'அ, ஆ' நோட்டோடு இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, கழுவித் துடைத்த காலி டப்பா, கீழே விழுந்தது. தங்கைக்குக் கொண்டுபோக. மடப்பள்ளி அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் டப்பாவை வாங்கி, பருப்பும் சோறும் அமுக்கி நிரப்பி, மேலே ஊறுகாயும் வைத்து மூடிக் கொடுத்தார். அப்புறம் எல்லா சனிக்கிழமையும் சமைக்கிறோம். கோயில் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கமிட்டியில் மாதம் ஒரு முறை பேச்சு நடக்கிறது.

சமைத்த சாப்பாடே தவறாமல் போய்ச் சேரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2023-இல் எங்கள் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் பள்ளிகளுக்கான உணவுப்பொருள் விநியோகத்தை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். ஏப்ரலில் பள்ளி திறந்தபோது ஏராளமான பள்ளிகளுக்குச் சாமான் வந்து சேரவில்லை, பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காலை உணவை மகளிர் குழுப் பெண்கள் அந்தந்தப் பள்ளியிலேயே சமைப்பதாகப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அதை யாராவது மொத்தமாகக் குத்தகைக்குக் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

கட்டுரையாளர் கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். பக்கத்திலேயே புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் பணம் போட்டுப் பார்த்தார்கள். 2024-இல் ரேஷன் கடையை மறுபடி திறந்தார்கள். அங்கே போய் நாலு வீட்டில் கேட்டிருக்கலாம்.

இன்னொரு விஷயம். இங்கே குழந்தைகளுக்கு 350 ரேண்ட் தருவதாகக் கட்டுரையில் இருக்கிறது. அது தவறு. 350 என்பது வேலையில்லாதவர்களுக்குத் தந்த பழைய தொகை. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்